மின்தேக்குத்திறன் அலகுகளின் வரலாறு

ஒரு வோல்ட் மின்னழுத்தத்திற்கு ஒரு மின்தேக்கி எவ்வளவு மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கிறது என்பதே அதன் மின்தேக்குத்திறன் ஆகும். இதன் இன்றைய அலகு ஃபாரடு. ஆனால் முதலில் ஒரு கண்ணாடிச் சாடியும், பின்னர் சென்டிமீட்டரும் இதற்கு அலகாக இருந்துள்ளன.

1745இல் பொமரேனியாவில் எவால்டு வான் கிளைஸ்டும், 1746இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் முசன்புரூக்கும் கண்ணாடிக் கலத்தில் மின்னூட்டத்தைத் தேக்கிக் காட்டினர். இது லெய்டன் சாடி எனப் பெயர் பெற்றது. அக்கால ஆய்வாளர்கள் இத்தனை சாடி என்றே கணக்குச் சொன்னார்கள். கண்ணாடியின் தடிப்பும் பரப்பும் சாடிக்குச் சாடி மாறும்; எனவே இது முழம் போட்டு அளப்பது போலத்தான், யார் கை முழம் என்று கேட்க வேண்டும். பிற்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் சாடி என்பது 1000 சென்டிமீட்டர் என வரையறுக்கப்பட்டது. 900 சாடிகள் ஒரு மைக்ரோஃபாரடு.

மின்தேக்குத்திறனைச் சென்டிமீட்டரில் சொல்வது மாணவர்களுக்கு விந்தையாகத் தோன்றும். பழைய நிலைமின் அலகு முறையில், தனித்து நிற்கும் ஒரு கோளத்தின் மின்தேக்குத்திறன் அதன் ஆரத்திற்குச் சமம். ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 1.11 பிக்கோஃபாரடு. பழைய ஜெர்மானிய வானொலிப் பெட்டிகளின் மின்தேக்கிகளில் இந்தக் குறியீட்டைக் காணலாம். அதை நீளம் என்று எண்ணுபவர் பழுதுபார்ப்பில் ஏமாந்துபோவார்.

திட்டவட்டமான அலகு தேவை என்ற நெருக்கடி கடலடித் தந்தி வடங்களால் வந்தது. நடுவில் செம்புக் கம்பி, சுற்றிலும் காப்புப் பொருள், வெளியே கடல்நீர் என அமைந்த வடம், மிக நீண்ட ஒரு லெய்டன் சாடியே என்று 1854இல் மைக்கேல் ஃபாரடே விளக்கினார். அது நிரம்பி வடிய நேரமானதால் செய்திகள் தாமதமாயின. 1858இல் அட்லாண்டிக்கில் போடப்பட்ட வடம் சில வாரங்களிலேயே செயலிழந்தது. 1861இல் தந்திப் பொறியாளர்கள் லாட்டிமர் கிளார்க்கும் சார்லஸ் பிரைட்டும் அறிஞர் பெயர்களை அலகுகளுக்குச் சூட்டப் பரிந்துரைத்தனர். அவர்கள் பட்டியலில் ஃபாரடு மின்னூட்டத்தின் அலகு! 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடுதான் அதை மின்தேக்குத்திறனுக்கு உறுதி செய்தது.

அந்த அலகோ மிகப் பெரிது. நம் பூமி முழுவதையும் ஒரு கடத்துக் கோளமாகக் கொண்டாலும் அதன் மின்தேக்குத்திறன் சுமார் 709 மைக்ரோஃபாரடுதான். ஒரு ஃபாரடு வேண்டுமானால் கோளத்தின் ஆரம் சுமார் 90 இலட்சம் கிலோமீட்டர் இருக்க வேண்டும். அது சூரியனின் ஆரத்தைப்போல் ஏறக்குறைய 13 மடங்கு. ஆகவே ஃபாரடின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோஃபாரடே புழக்கத்தில் நிலைத்தது. அதிலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிக்கோஃபாரடு. பழைய வானொலிச் சுற்றுப்படங்களில் இது மைக்ரோமைக்ரோஃபாரடு என்று எழுதப்பட்டு, எம்.எம்.எஃப். எனச் சுருக்கப்பட்டது. மின்விசிறியின் மின்தேக்கியில் 2.5 எம்.எஃப்.டி. என்று அச்சிட்டிருந்தால் அந்த எம் மைக்ரோவைக் குறிக்கும். மில்லி என்று கொண்டால் விடை ஆயிரம் மடங்கு பிழையாகும்.