விடிய விடியத் தொழில்

கிதாரும் பறையும் சேர்ந்து ஒலிக்கும் இசைக்குழுக்கள் நமக்குப் புதுசு. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் முதலில் மேடையேறியதே 2018 ஜனவரியில்தான். ஊர் ஊராய்ப் போய் விடிய விடியப் பாடி ஆடும் பிழைப்போ கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழுக்களுக்குப் பரம்பரைத் தொழில்.

பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் களைகட்டும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார்; இரவில் அது கூத்தாகும். வெற்றிலை பாக்கோடு முன்பணத்தைக் கூத்துக் குழுவின் வாத்தியார் கையில் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது.

சாயங்காலம் வேடக்காரர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் முகத்தைத் தானே எழுதுகிறார். அரிதாரம் பூசி, மீசை வரைந்து, கடைசியில் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொள்கிறார். இரண்டும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. கனமான மரமாக இருந்தால் இரவு முழுக்கச் சுழன்றாட இடுப்பு தாங்காது! மத்தளமும் முகவீணையும் பழைய துணைகள். ஆர்மோனியம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பாரதத்தின் கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் ஊர்ப் பொதுவெளியில் மல்லாந்து கிடப்பான். அவன் தொடை பிளந்த பிறகே திரௌபதி கூந்தல் முடிவாள்.

புரிசை ஊர்த் தம்பிரான் குடும்பத்தின் கூத்து நாடக ஆசிரியர் ந. முத்துசாமியை ஈர்த்து, 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழு பிறந்தது. நகரம் கூத்தைக் கண்டுகொண்ட கதை அது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கேமராக்கள் வருவதோ பெரும்பாலும் திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழாவுக்கு மட்டும்தான். மற்ற ஊர்க் கூத்துக்கு நீங்களாவது போங்கள், பாதியில் எழுந்துவிடாதீர்கள்.