22-ஆம் எண் வாசல்: எஸ்.சி.பி. பிறந்த கதை

"லாக் பைலை எஸ்.சி.பி. பண்ணி விட்டுடுங்க, பார்த்துடறேன்." அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஐ.டி. அலுவலகங்களில் ராத்திரி ஷிப்டில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தால் போதும். முதலில் எஸ்.சி.பி. என்ற கட்டளை, அடுத்து பைலின் பெயர், பிறகு யூசர் பெயர், ஒரு 'அட்' குறி, எதிர்முனை சர்வரின் முகவரி, ஒரு முக்காற்புள்ளி, கடைசியாக பைல் போய்ச் சேர வேண்டிய இடம். என்டரைத் தட்டியதும் எத்தனை சதவீதம் போயிருக்கிறது, என்ன வேகம், இன்னும் எவ்வளவு நேரம் என்று திரையிலேயே ஓடும். அந்த முக்காற்புள்ளியை மட்டும் மறந்துவிட்டால் பைல் ஊரைத் தாண்டாது. சர்வர் முகவரியையே தன் பெயராக வைத்துக்கொண்டு நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு நகல் உட்கார்ந்திருக்கும்.

1960-களில் லேத்தும் டிரில்லிங் மெஷினுமாகத் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டையில் இன்று டேட்டா சென்டர்கள் எழும்பியிருக்கின்றன. என்.டி.டி. நிறுவனத்தின் வளாகம் 2023-லும், டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனத்தின் வளாகம் 2024-லும் இங்கே திறக்கப்பட்டன. சர்வர் அம்பத்தூரில் இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்பவர் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். நடுவில் இருக்கும் கம்பி யாருடையது, அதில் யார் காது வைத்திருக்கிறார்கள் என்பது இருவருக்குமே தெரியாது. தெரியாவிட்டாலும் பைல் பத்திரமாகப் போகிறது. இந்தப் பத்திரம் தானாக வந்ததல்ல. யாரை நம்புவது என்ற கேள்வியில் ஐம்பது வருடமாகப் பலர் அடிபட்டுக் கற்ற பாடம் அது.

கதையின் முதல் ஆள் ஒரு இந்தியர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து 1965-இல் பட்டம் பெற்ற அபய் பூஷண், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரல் 16-ஆம் தேதி ஓர் ஆவணம் வெளியிட்டார். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு பைலை அனுப்ப இரண்டும் என்ன பேசிக்கொள்ள வேண்டும் என்று வகுத்த அந்த ஆவணத்திலிருந்து வளர்ந்ததுதான் எஃப்.டி.பி. இணையத்தின் முன்னோடியான அன்றைய ஆர்ப்பாநெட்டில் இணைந்திருந்தவை ஒருசில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். அதனால் எஃப்.டி.பி.யில் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே வெறும் எழுத்தாகக் கம்பியில் போயின. கம்பியை நம்பலாம் என்பது அன்றைக்குத் தவறான எண்ணமும் அல்ல.

1983-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் ஆர்.சி.பி. என்ற கட்டளை வந்தது. ஒரே வரியில் பைல் போய்விடும், பாஸ்வேர்டுகூடக் கேட்காது. இன்ன கம்ப்யூட்டரிலிருந்து இன்ன ஆள் வந்தால் உள்ளே விடு என்று ஒரு சின்ன பைலில் எழுதி வைத்தால் போதும். வந்தவர் உண்மையிலேயே அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் வருகிறாரா என்று உறுதிசெய்ய வழியில்லை. கம்பெனிப் பெயரைச் சொன்ன லாரிக்கு கேட் பாஸ் பார்க்காமலே கதவைத் திறந்துவிடும் வாட்ச்மேனைப் போன்றது அந்த ஏற்பாடு. ஆனாலும் அதன் எளிமை யாருக்கும் மறக்கவில்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டுதான் எஸ்.சி.பி. பிறந்தது.

அது பிறந்த நாடு பின்லாந்து. 1995-இல் அங்குள்ள ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒரு ஒட்டுக்கேட்கும் புரோகிராமை நிறுவிவிட்டார்கள். கண்டுபிடித்தபோது அதில் ஆயிரக்கணக்கான யூசர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் சேர்ந்திருந்தன. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே திருடனுக்கு இருக்கவில்லை. கம்பியில் ஓடியதை அள்ளிக்கொண்டான், அவ்வளவுதான். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தவர் டாட்டு யூலோனென். இனி இப்படி நடக்கக்கூடாது என்று சில மாதங்களில் தன் கையாலேயே ஒரு புரோகிராம் எழுதினார். அதற்கு எஸ்.எஸ்.எச். என்று பெயர் வைத்தார்.

இணையத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு எண் உண்டு. எஃப்.டி.பி.க்கு 21, தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவிய டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் நடுவில் 22 காலியாக இருந்தது. தன் புரோகிராம் இந்த இரண்டின் வேலையையும் ஏற்கப் போகிறது, அதனால் அந்த இடமே பொருத்தம் என்று நினைத்தார் யூலோனென். 1995 ஜூலை 10-ஆம் தேதி எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு மின்னஞ்சலில் விண்ணப்பித்தார். மறுநாளே 22-ஐ ஒதுக்கிப் பதில் எழுதினார் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ். ஜான் போஸ்டலுடன் சேர்ந்து 1985-இல் எஃப்.டி.பி.க்கு நிலையான விதிமுறை எழுதியவர் அவர். எஃப்.டி.பி.யின் இலக்கணத்தை வகுத்தவர் கையாலேயே அதன் இடத்தைப் பிடிக்கப் போகிற புரோகிராமுக்குப் பக்கத்து வாசல் கிடைத்தது. ஜூலை 12 அன்று எஸ்.எஸ்.எச். உலகத்துக்கு வந்தது.

அடுத்த மாதம் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு ஊர்களிலும் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. நம் ஊரில் இணையம் பிறந்ததும் அதைப் பத்திரமாகப் பயன்படுத்தும் வழி பிறந்ததும் ஏறக்குறைய ஒரே நேரம். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் எஸ்.எஸ்.எச்.சுக்கு மாறியிருந்தார்கள்.

எஸ்.எஸ்.எச். செய்யும் வேலையின் வரிசையைப் பாருங்கள். முதலில் இரு கம்ப்யூட்டர்களும் அந்த ஒரு தொடர்புக்கு மட்டும் பயன்படும் ரகசியச் சாவி ஒன்றைத் தமக்குள் உருவாக்கிக்கொள்கின்றன. நடுவில் கேட்டுக்கொண்டிருப்பவரால் அதைக் கணிக்க முடியாது. அடுத்து, தான் யார் என்பதை சர்வர் தன் சொந்தச் சாவியால் நிரூபிக்கிறது. அதற்குப் பிறகுதான் நம் பாஸ்வேர்ட் கம்பியில் ஏறுகிறது, அதுவும் பூட்டப்பட்ட வடிவத்தில். 1971-இல் கம்பியையும் 1983-இல் பெயரையும் நம்பியவர்கள், 1995-இல் எதையும் நிரூபித்துக் காட்டு என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

பைல் அனுப்பும் வேலைக்கு டிமோ ரின்னேயும் யூலோனெனும் பெர்க்லியின் ஆர்.சி.பி.யை எடுத்து எஸ்.எஸ்.எச். வழியாக ஓட வைத்தார்கள். அதுதான் எஸ்.சி.பி. உள்ளே நடக்கும் பேச்சு மிகவும் சுருக்கமானது. அனுப்பும் பக்கம் 'சி' என்ற எழுத்து, யாருக்கு என்ன உரிமை என்று சொல்லும் 0644 போன்ற எண், பைலின் அளவு, பைலின் பெயர் ஆகியவற்றை ஒரே வரியில் சொல்லும். சரி என்பதற்கு அடையாளமாக வாங்கும் பக்கம் ஒரு பூஜ்ய பைட்டைத் திருப்பி அனுப்பும். உடனே பைல் வந்து இறங்கும்.

எஸ்.எஸ்.எச்.சின் பிந்தைய பதிப்புகளுக்கு உரிமக் கட்டுப்பாடுகள் வந்தன. சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் கிரோன்வால் தாராள உரிமம் கொண்ட பழைய 1.2.12 பதிப்பைத் தேடியெடுத்துத் திருத்தினார். அதிலிருந்து தியோ டி ராட் தலைமையிலான ஓப்பன் பி.எஸ்.டி. இயங்குதளக் குழு ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சை உருவாக்கி, 1999 டிசம்பர் 1 அன்று தன் 2.6 பதிப்புடன் இலவசமாக வெளியிட்டது. இன்று லினக்ஸ் சர்வர்களிலும் மேக் கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸிலும் இருப்பது இதுவே. ஒருவர் ஊதியம் கேட்காமல் எழுதியதை இன்னொருவர் எடுத்துச் செப்பனிட்டு எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இந்தக் கட்டளையைக் கற்கும் இளைஞருக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

எஸ்.சி.பி.யின் உள்ளே பழைய நம்பிக்கை ஒன்று மட்டும் ஒளிந்திருந்தது. நாம் ஒரு பைலைக் கேட்டால், வரும் பைலின் பெயரைச் சொல்வது எதிர்முனை சர்வர்தான். கேட்ட பெயரும் வந்த பெயரும் ஒன்றுதானா என்று நம் பக்கம் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை. கெட்ட எண்ணம் கொண்ட சர்வர் வேறொரு பைலை அனுப்பி, நம்மிடம் இருப்பதன்மேல் எழுதிவிட முடியும். எஃப்-செக்யூர் நிறுவனத்தின் ஹாரி சின்டோனென் கண்டுபிடித்த இந்த ஓட்டை 2019 ஜனவரியில் வெளியானது. வேர் எங்கே என்று பார்த்தால், 1983-இன் ஆர்.சி.பி.யில். கம்பியைப் பூட்டியவர்கள் மறுமுனையில் இருப்பவரைச் சந்தேகிக்கத் தவறியிருந்தார்கள். 2022 ஏப்ரல் 8-ஆம் தேதி வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 9.0 பதிப்பில் எஸ்.சி.பி.யின் உள்ளிருந்த பழைய பேச்சுமுறையை வழக்கத்திலிருந்து விலக்கி, எஸ்.எஃப்.டி.பி. என்ற ஒழுங்கான முறையை வைத்தார்கள். நாம் அடிக்கும் வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஆனாலும் நம்பிக்கை இன்னும் ஓரிடத்தில் மிச்சம் இருக்கிறது. புதிய சர்வர் ஒன்றுடன் முதல்முறை இணையும்போது, இதன் சாவியை நான் முன்பு பார்த்ததில்லை, தொடரலாமா என்று திரை கேட்கும். கூடவே சாவியின் கைரேகையாக 43 எழுத்துகளைக் காட்டும். அதைப் படிக்காமலே பெரும்பாலோர் 'யெஸ்' என்று அடித்துவிடுகிறார்கள். நடுவில் வேறொருவர் சர்வராக நடித்துக்கொண்டிருந்தால், அவரைக் கண்டுபிடிக்க இருந்த வாய்ப்பு அந்த நொடியிலேயே போய்விடும். அடுத்த முறையிலிருந்து கம்ப்யூட்டர் அவரையே உண்மையான சர்வர் என்று நினைத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து எளிது. சர்வரை அமைத்தவரிடம் கைரேகையைப் போனிலோ நேரிலோ கேட்டு வாங்கி, திரையில் வருவதோடு ஒத்துப் பார்த்துவிட்டு 'யெஸ்' அடிக்க வேண்டும். ஒருநாள் சாவி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், பழைய பதிவை அழித்துவிட்டு மேலே போகாமல், ஏன் மாறியது என்று முதலில் விசாரிக்க வேண்டும். கம்பியையும் பெயரையும் எதிர்முனையையும் சரிபார்க்க புரோகிராம் எழுதியாகிவிட்டது. முதல் அறிமுகத்தைச் சரிபார்ப்பது மட்டும் நம் பொறுப்பாக இருக்கிறது. அதற்குத் தேவைப்படும் ஒரு நிமிடத்தை மறுக்காமல் கொடுப்போம்.