வண்டல் மண்ணும் கனத்த பந்தும்

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் இருக்கும் மண் இந்த இடத்து மண் இல்லை. ஹூக்ளி ஆற்றின் வண்டலை உறிஞ்சி, தண்ணீரோடு கலந்து, குழாய் வழியாகக் கொண்டுவந்து உப்பு ஏரியில் கொட்டி மேடாக்கிய நிலம் இது. 1962இல் முதலமைச்சர் பிதான் சந்திர ராய் வேலையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி காலமானார். ஏரியை நிரப்பியது இவான் மிலுட்டினோவிச் என்ற யுகோஸ்லாவிய நிறுவனம். நகரத்தை வரைந்த தோப்ரிவோயே தோஷ்கோவிச்சும் யுகோஸ்லாவியர்தான். அதற்குப் பத்து ஆண்டு முன்னால், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், அதே யுகோஸ்லாவியா நம் கால்பந்து அணியைப் பத்துக்கு ஒன்று என்று துவைத்து அனுப்பியிருந்தது. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு இறங்கிய ஆட்டம் அது. கோலைப் போட்டவர்களே மைதானத்தையும் போட்டுக் கொடுத்தார்கள் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் கணக்கர். லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீட்டில் இருந்த நாங்கள் எழுபதுகளின் கடைசியில் இங்கே குடிவந்தோம். தெருவுக்கு நாலு வீடு இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் வெற்று மனை. புரட்டாசி வந்தால் ஆள் உயரத்துக்கு நாணல் பூத்து நிற்கும். தோஷ்கோவிச் தன் வரைபடத்தில் பிளாக்குகளுக்கு நடுவே திறந்த வெளி விட்டிருந்தார். பையன்களுக்கு அதனால் இரண்டு மைதானம் கிடைத்தது. ஒன்று அந்தப் பெரிய வெளி. இன்னொன்று, யாரோ வாங்கிப் போட்டுவிட்டு வீடு கட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் நாலு கட்டா மனை.

ஒரு கட்டா 720 சதுர அடி. நாலு கட்டா என்றால் மூவாயிரம் அடிகூட வராது. இன்றைய சர்வதேச ஃபுட்சால் களம் 40 மீட்டருக்கு 20 மீட்டர், எட்டாயிரத்து அறுநூறு சதுர அடி. அதில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில், செங்கல் அடுக்கைக் கோல் கம்பமாக்கி, பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடினோம். பந்து தோல் பந்து. பிளாடரில் எப்போதும் ஒட்டுப்போட்டிருக்கும், மழையில் நனைந்தால் கல் மாதிரி கனக்கும். கிராமத்திலிருந்து வந்த வங்காளிப் பையன்கள் அதற்கும் முந்தைய வகுப்பை முடித்தவர்கள். அவர்கள் பம்ப்ளிமாஸ் காயை உதைத்து வளர்ந்தவர்கள். பம்ப்ளிமாஸ் எழும்பாது, துள்ளாது, காலோடுதான் உருளும்.

இதே சின்ன இடத்து ஆட்டத்தை உலகத்தின் மறுகோடியில் ஒருவர் சட்டமாக எழுதியிருந்தது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. 1930இல், முதல் உலகக் கோப்பையை உருகுவே தன் வீட்டிலேயே வென்ற ஆண்டில், மாண்டிவிடியோ ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்து, ஹேண்ட்பால், நீர்ப்பந்து மூன்றிலிருந்தும் விதிகளைக் கடன் வாங்கிக் கூரைக்குள் ஆடும் கால்பந்தை, இன்றைய ஃபுட்சாலை, உருவாக்கினார். அது பிரேசிலுக்குப் போனது. துள்ளல் குறைய வேண்டும் என்று பந்துக்குள் மரத்தூளும் தக்கையும் குதிரைமயிரும் அடைத்தார்கள். கனத்த பந்து ஆட்டம் என்றே அங்கே அதற்குப் பெயர் விழுந்தது. ஃபிஃபா முதல் ஃபுட்சால் உலகக் கோப்பையை நெதர்லாந்தில் நடத்தியது 1989இல்.

இப்போது காலையில் எங்கள் பிளாக் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு காலத்தில் கல்கத்தா லீகின் கீழ் டிவிஷனில் ஹாஃப் பேக்காக ஆடியவன் என்பதுதான் என் தகுதி. செக்டார் ஃபைவ் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சார், பையன் சாயங்காலம் ஃபுட்சாலும் ஆடுறான். பெரிய கிரவுண்ட் ஆட்டம் கெட்டுடுமா?”

கெடாது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை இரண்டுக்கு ஒன்று என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கிய மோகன் பகான் அணியில் பத்துப் பேர் வெறுங்கால். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக நம் ஒரே கோலைப் போட்டவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். அந்த அணியில் இருந்த அகமது கான், அதே பெங்களூரிலிருந்து கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு வந்து, வெறுங்காலாலேயே பந்தை மயக்கிப் பாம்பாட்டி என்று பெயர் வாங்கினார். அப்பாராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ் என்று மற்ற நால்வரையும் சேர்த்து அந்த முன்வரிசையைப் பஞ்ச பாண்டவர் என்றார்கள். ஐந்து பேரும் தெற்கத்தியர் என்பதில் எங்கள் வீட்டில் ஒரு பெருமை. இவர்களில் யாரும் ஃபுட்சால் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனால் பந்து காலைவிட்டு ஒரு சாண் தாண்டினால் போய்விடும் என்கிற நெருக்கடியில் ஆடிப் பழகிய கால்கள் எப்படி இருக்கும் என்பதற்கு இவர்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1977 செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டனில் காஸ்மாஸ் அணியோடு பெலே வந்தபோது நானும் கூட்டத்தில் இருந்தேன். மோகன் பகானோடு இரண்டுக்கு இரண்டு. மழையில் ஊறிய தரை. பெலே ஜாக்கிரதையாகத்தான் ஓடினார், எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் பந்து வருமுன்பே திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டு, வந்ததும் ஒரே தொடுதலில் அனுப்பிவிடுவார். யோசிக்கும் வேகத்தைத் தனக்குக் கொடுத்தது சிறுவயது ஃபுட்சால்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

சால்ட் லேக் மைதானம் அப்போது இல்லை. அது திறந்தது 1984 ஜனவரியில், நேரு கோப்பையோடு. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் நாலுக்கு ஒன்று என்று மோகன் பகானை வென்றது. 2011இல் மெஸ்ஸி அர்ஜென்டினாவோடு வந்து வெனிசுவேலாவுக்கு எதிராக ஆடினார். ஆனால் பெற்றோரின் கேள்விக்கு அங்கே கிடைத்த பெரிய பாடம் 2017இல் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைதான். இங்கிலாந்து தன் குழு ஆட்டங்கள் மூன்றையும் இங்கேதான் ஆடியது. தெற்கு லண்டனில் கம்பிவலைக் கூண்டுகளுக்குள் ஆடி வளர்ந்த ஜேடன் சாஞ்சோ அந்த மூன்று ஆட்டங்களோடு ஜெர்மனியில் இருந்த தன் கிளப்புக்குத் திரும்பிவிட்டார். பிறகு அக்டோபர் 28 இறுதி ஆட்டம். ஸ்பெயினிடம் இரண்டு கோல் பின்தங்கி, ஐந்துக்கு இரண்டு என்று இங்கிலாந்து வென்றது. ஃபில் ஃபோடன் இரண்டு கோல். பெனால்டி ஏரியாவில் மூன்று பேருக்கு நடுவில் அந்தப் பையன் பந்தோடு நின்ற நிதானத்தைப் பார்த்து, என் பக்கத்தில் இருந்த முதியவர் “மனைக்குள்ள ஆடின பய மாதிரி இருக்கானே” என்று வங்காளத்தில் சொன்னார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்து 2012இல் சிறுவர் ஆட்டத்தை மாற்றியது: எட்டு வயது வரை ஐவர், பத்து வரை எழுவர், பன்னிரண்டு வரை ஒன்பதின்மர், அதன் பிறகே பதினொருவர். இந்தக் கோப்பையை அந்தச் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஃபோடனின் வயதுப் பையன்களுக்கு அப்போதே பன்னிரண்டு ஆகிவிட்டது, கணக்கு உதைக்கிறது. ஃபுட்சாலைக் கொண்டாடிய அதே இங்கிலாந்து 2020இல் பணமில்லை என்று ஆடவர் தேசிய ஃபுட்சால் அணிக்கான நிதியை நிறுத்தவும் செய்தது. பணம் குறைந்தால் தம்பி ஆட்டத்தின் மேல்தான் முதலில் கை வைப்பார்கள்.

சரி, கெடுக்கும் என்று சொல்பவர்கள் சொல்வதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கல்கத்தா லீக் நடப்பது மழைக்காலத்தில். ஃபுட்சாலில் உள்ளங்காலால் பந்தை மிதித்து இழுப்பது அடிப்படைப் பாடம். ஆடி மாதச் சேற்றில் அப்படி மிதித்தால் பந்து அங்கேயே அமர்ந்துவிடும், நாம் மட்டும் முன்னே போவோம். ஃபுட்சாலில் ஆஃப்சைடு கிடையாது. அதையே ஆடி வளர்ந்த ஸ்ட்ரைக்கர் கடைசி டிஃபெண்டரைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு பந்து கேட்பான். தலையால் முட்டத் தெரியாது. நாற்பது கஜம் தள்ளி ஒருவன் தனியாக ஓடுவது கண்ணிலேயே படாது. போன பருவத்தில், என்னைக் காகு (சித்தப்பா) என்று கூப்பிடும் ஒரு பையனிடம், பந்தை ஏன் உயரத் தூக்கி அடிக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். “காகு, மேல அடிச்சா வலையில பட்டுத் திரும்பிடுமே” என்றான். அவனுக்கு வானத்துக்கும் ஒரு கூரை வலை இருந்தது.

அந்த வலையில்தான் விஷயமே இருக்கிறது. சால்ட் லேக்கிலும் நியூ டவுனிலும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்களில் நடப்பதை எல்லோரும் ஃபுட்சால் என்கிறார்கள். அது ஃபுட்சால் இல்லை. ஃபுட்சாலில் சுவர் கிடையாது. கோட்டைத் தாண்டினால் பந்து எதிரணிக்கு, நாலு நொடிக்குள் உதைத்து உள்ளே அனுப்ப வேண்டும். ஆகவே கோட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளக் கால் பழகுகிறது. டர்ஃபில் தப்பாக அடித்தாலும் வலை பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஃபுட்சால் பந்து நாலாம் அளவு. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 50 முதல் 65 சென்டிமீட்டருக்குள்தான் எழும்ப வேண்டும். டர்ஃபில் கொடுப்பது சாதாரணப் பந்து, கெட்டித் தரையில் அது ஒரு மீட்டருக்கு மேல் துள்ளும். தரையோ செயற்கைப் புல்; விழுந்தால் முழங்கால் தோல் போகும். ஃபுட்சாலின் நல்லதும் இல்லை, பெரிய மைதானத்தின் நல்லதும் இல்லை.

இன்னொன்று, கேப். பந்தயத்துக்குப் பந்தயம் கூலி பேசி, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் பாடா (பேட்டை) போட்டிகளில் ஆடுவதை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். சின்ன கோல் கம்பம், ஐந்து பேர், கையில் காசு. லீக் ஆட வேண்டிய எத்தனையோ கணுக்கால்கள் அதில் போயிருக்கின்றன. அதைத் தடுக்காத கிளப் இல்லை, ஒளித்து ஆடாத ஆட்டக்காரனும் அரிது. அந்தப் பழி ஐவர் ஆட்டத்தின் மேல் விழுந்ததால்தான், என் தலைமுறைப் பயிற்சியாளர்கள் ஃபுட்சால் என்றாலே முகம் சுளிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

முறையான ஃபுட்சாலோ இந்த ஊருக்கு வந்தும் வராததாகவே இருக்கிறது. 2016இல் பிரீமியர் ஃபுட்சால் என்று ஒரு லீக் நடந்தது. கொல்கத்தா அணிக்கு நட்சத்திரம் எர்னான் கிரெஸ்போ. ஆனால் ஆட்டங்கள் நடந்தது சென்னையிலும் கோவாவிலும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அதை அங்கீகரிக்கவும் இல்லை. சம்மேளனமே கிளப்புகளுக்கான ஃபுட்சால் சாம்பியன்ஷிப்பை 2021இல்தான் டெல்லியில் தொடங்கியது. கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் இறுதிவரை போய் டெல்லி எஃப்.சி.யிடம் தோற்றது. இந்திய ஃபுட்சால் அணி முதன்முதலில் களமிறங்கியது 2023இல்தான். செரியானி எழுதித் தொண்ணூற்று மூன்று ஆண்டு கழித்து.

என் தீர்ப்பு இது. பன்னிரண்டு வயது வரை ஃபுட்சால் நல்லது, எவ்வளவு கிடைத்தாலும் நல்லது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஓரிரு நாள் போதும். மற்ற நாளெல்லாம் பெரிய மைதானம், அதுவும் மண் மைதானம். எங்கள் காலத்தில் நாலு கட்டா மனையும் பிளாக் வெளியும் அடுத்தடுத்து இருந்தன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மனைகளில் வீடு எழுந்துவிட்டது. பல பிளாக் பூங்காக்களில் நடைபாதையும் பூச்செடியும் ஊஞ்சலும் வந்துவிட்டன. மீதி வெளியைப் பந்தலும் கண்காட்சியும் எடுத்துக்கொள்கின்றன. குறை ஃபுட்சாலில் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பெரிய மைதானம் காணாமல் போனதில்.

2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில், நாலரை ஆண்டாக மோகன் பகானை வெல்ல முடியாமல் இருந்த ஈஸ்ட் பெங்காலுக்காக, சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் சால்ட் லேக் மைதானத்தில் போட்ட கோலைப் பார்த்திருப்பீர்கள். வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் தூரக் கம்பத்துக்கு வளைத்தார். உள்ளே வெட்டும் அந்த முதல் இரண்டு தொடுதல் சின்ன இடத்துப் படிப்பு. அந்த வளைவுக்கு இருபது கஜம் திறந்த வானம் வேண்டும்.

டர்ஃபுக்குப் பணம் கட்டும் பெற்றோருக்கு இரண்டு வேண்டுகோள். முதலில் அங்கே கொடுக்கும் பந்தை உங்கள் தலைக்கு மேலிருந்து கெட்டித் தரையில் விட்டுப் பாருங்கள். தொடைக்கு மேல் எழும்பினால் வேறு பந்து கேளுங்கள். அடுத்து, உங்கள் பிளாக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய், பூங்காவின் பாதியையாவது மாலை நாலு முதல் ஆறு வரை பையன்களுக்குத் திறந்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் பிளாக் மனுவில் இன்னும் இடம் இருக்கிறது.