திறவுச்சொல்லும் சொல்வடிவமும்

கணிமொழி அணிகளில் திறவுச்சொல்லால் பொருளைக் காணும் முறையும், சொற்களை வடிவத்தால் தேரும் முறையும் வெவ்வேறு ஊற்றின. முன்னதற்கு அடிப்படையான ஹாஷ் முறையை 1953இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் லூன் வகுத்தார். பின்னதன் இலக்கணத்தைக் கிளேனி 1951இல் எழுதினார்.

1977இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ‘ஆக்’ மொழி இரண்டையும் ஏற்றது. எனினும் அதன் அணியை நோக்கி, ‘கடல்’ உளதோ என வினவலாமேயன்றி, ‘கட’ எனத் தொடங்குவன யாவை என ஒரே வினாவாற் கேட்டல் இயலாது. திறவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிடல் வேண்டும். பின்வந்த ‘டிக்கிள்’ மொழியோ, வடிவத்தைக் கூறிய அளவில் பொருந்தும் திறவுகளைத் தொகுத்துத் தருகின்றது.

ஆயினும் ஹாஷ் முறையில் கடல், கடன் முதலிய இனச்சொற்கள் அருகருகே அமைவதில்லை. ஆதலின் அங்கும் திறவுகள் அனைத்தும் நோக்கப்படுகின்றன. எழுதுவோன் உழைப்புக் குறைந்ததேயன்றிப் பொறியின் உழைப்புக் குறைந்திலது என்பதே நாம் துணியும் முடிபு.