ஆயர் பவர் கட்டி முடிக்காத கோயில்

ஈற்றன் சென்ரருக்குக் கிழக்கே கொஞ்சத் தூரம் நடந்தால் பொண்ட் வீதியில் புனித மிக்கேல் பேராலயம் இருக்கிறது. அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருந்தாலும், போன மாதம்தான் முதன்முதலாக உள்ளே போனேன்.

சுவர்கள் வெளிர் மஞ்சள் செங்கல். அதற்கு அழகு கொடுப்பது கல்வேலை. வாசலும் சாளரங்களும் கூரான வளைவுகளாக உயர்வதால், பார்ப்பவரின் கண் தானாகவே மேலே போகிறது. இங்கிலாந்தின் பழைய கோதிக் பாணி இது. வரைந்தவர் வில்லியம் தோமஸ். சென் லோறன்ஸ் மண்டபத்தை வடிவமைத்தவரும் அவர்தான். 2016இல் இதற்குப் பசிலிக்கா என்ற சிறப்பு நிலை கிடைத்தது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அதன் வரலாறு. ரொறன்ரோவின் முதல் கத்தோலிக்க ஆயர் மைக்கல் பவர் 1845 மே 8இல் அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டில்தான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழுகத் தொடங்கியது. ஏழைகளின் அன்றாட உணவே அதுதான். பஞ்சம் வந்தது.

1847இல் ரொறன்ரோவின் மக்கள்தொகை சுமார் 20,000. அந்த ஓராண்டில் மட்டும் 38,000க்கும் அதிகமான ஐரிஷ் மக்கள் இங்கே வந்து இறங்கினார்கள். நெரிசலான கப்பல்களில் பேன் மூலம் ரைபஸ் காய்ச்சல் பரவியிருந்தது. கிங் வீதியும் ஜோன் வீதியும் சந்திக்கும் இடத்தில், இன்று திரைப்பட விழாக் கட்டடம் இருக்கும் பகுதியில், நோயாளிகளுக்குக் கொட்டகைகள் போட்டார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

ஊர் பயந்து ஒதுங்கிய நேரத்தில் பவர் நோயாளிகளிடம் போனார். காய்ச்சல் அவரையும் பிடித்தது. அக்டோபர் 1ஆம் திகதி, 42 வயதில் இறந்தார். கட்டி முடியாத கோயிலின் நிலவறையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு செப்ரெம்பரில்தான் கோயில் திறக்கப்பட்டது.

1986 ஓகஸ்ற்றில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்தார்கள். மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றினார்கள். திருப்பி அனுப்புங்கள் என்று சொன்னவர்களும் அன்று இருந்தார்கள்.

இன்று ஐரிஷ்காரரைப் பார்த்து, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று இந்த நகரத்தில் யாரும் கேட்பதில்லை. எங்களிடம் இன்னும் கேட்கிறார்கள். அடுத்த முறை அப்படி யாராவது கேட்டால், ஊரின் பெயரோடு இந்தக் கோயிலின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.