வாக்கு வங்கி: ஒரு சொல்லின் வரலாறு

தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டதும் இலுப்பூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஒரு கணக்குத் தொடங்கிவிடுகிறது. இந்தத் தெருவில் இத்தனை வாக்கு, அந்தச் சாதியாரிடம் இத்தனை, பள்ளிவாசலைச் சுற்றி இத்தனை, மாதா கோவிலைச் சுற்றி இத்தனை என்று தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்தே தொகுதியைப் பங்கிட்டு விடுகிறார்கள். அக்கணக்கில் தவறாமல் வரும் சொல் 'வாக்கு வங்கி'. சிறுபான்மையினராகிய நம்மைக் குறித்தும் அச்சொல் தடையின்றி வழங்கப்படுகிறது. நாமும் அதனைப் பழிச்சொல்லென்று உணராமல், சில வேளைகளில் பெருமையோடும் ஏற்றுக்கொள்கிறோம். அச்சொல் பிறந்தது கட்சி மேடையில் அன்று. ஒரு சமூகவியல் ஆய்வுக் கட்டுரையில். அது வந்த வழியை அறிந்தால், அதனை ஏற்பதா மறுப்பதா என்பது நமக்கே விளங்கும்.

மைசூரில் 1916-ஆம் ஆண்டு பிறந்த எம். என். ஸ்ரீநிவாஸ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1948-இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் பல மாதங்கள் தங்கி மக்கள் வாழ்வை ஆராய்ந்தார். ஊராரின் நலம் கருதி அதன் உண்மைப் பெயரை மறைத்து, 'ராம்புரா' என்று பெயரிட்டு எழுதினார். நாட்டின் முதற் பொதுத்தேர்தல் நடந்து முடிந்த 1952-இல் மீண்டும் அங்குச் சென்றார். 1955-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்ட இந்தியக் கிராமங்கள் பற்றிய தொகுப்பில் அவர் எழுதிய கட்டுரையிலேயே 'வாக்கு வங்கி' என்னும் சொல் முதன்முதலில் ஆளப்பட்டது என்பர் ஆய்வாளர்.

அங்கே அச்சொல் எதனைக் குறித்தது? நிலம் உடையவர் ஒருவர். அவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர், அவரிடம் கடன்பட்டவர், அவர் களத்தில் கூலி பெறுபவர் பலர். வாக்குரிமை எல்லார்க்கும் வந்துவிட்டது. ஆனால் பசிக்கும் நாளில் நெல் அளப்பவரும், வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்பவரும் அந்த ஒருவரே. ஆகவே கட்சிக்காரர் குடிசைதோறும் செல்லவில்லை. புரவலரின் திண்ணைக்குச் சென்றனர். அவரைச் சார்ந்தோரின் வாக்குகள் அவர் எடுத்துக் கொடுக்கும் வைப்புத்தொகை போல் இருந்தன. வங்கியின் உரிமையாளர் புரவலர். ஏழைகள் அதில் போடப்பட்ட பணம். அன்று அச்சொல் சுட்டியது ஏழையின் குற்றத்தை அன்று, அவனது இயலாமையை.

இத்தகைய பிணைப்பு நம் மண்ணுக்கும் புதிதன்று. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி 1948 மார்ச் 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்தது. அமெரிக்க வரலாற்றாய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் இச்சமஸ்தானத்தை ஆராய்ந்து 1987-இல் ஒரு நூல் வெளியிட்டார். இனாம் நிலங்களும் கோவில் மரியாதைகளும் மன்னரையும் ஊர் அம்பலக்காரரையும் குடிகளையும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைத்திருந்தன என்பதை அந்நூல் விளக்குகிறது. கொடுப்பவர் உயர்ந்தோர், பெறுபவர் கடமைப்பட்டோர் என்னும் வழக்கம் வேரூன்றிய சமுதாயத்தில்தான் வாக்குச்சீட்டு வந்து சேர்ந்தது.

பின்னர் சொல்லின் பொருள் நகரத் தொடங்கியது. 1959-இல் ஒரிசா அரசியலை ஆராய்ந்த பிரித்தானிய மானிடவியலாளர் எஃப். ஜி. பெய்லி, சாதித் தலைவரின் செல்வாக்கைக் குறிக்க அதனைக் கையாண்டார். நிலவுடைமையாளர் இருந்த இடத்தில் சாதித் தலைவர் வந்தார். அதன்பின் அரசியல்வாதிகளின் நாவில் ஏறியபோது தலைவரும் மறைந்து, மக்கள் கூட்டமே வங்கியாயிற்று. தலித் மக்கள் ஒரு வாக்கு வங்கி, இசுலாமியர் ஒரு வாக்கு வங்கி, கிறித்தவர் ஒரு வாக்கு வங்கி! சிந்திக்காமல் வாக்களிக்கும் கூட்டம் என்னும் ஏளனம் அதில் ஏறிக்கொண்டது. பிணைத்தவனைச் சுட்டப் பிறந்த சொல், பிணைக்கப்பட்டவனைப் பழிக்கும் சொல்லாகத் திரிந்தது.

ஆயின் அதே பல்கலைக்கழக ஆய்வுகள் வேறொன்றையும் கண்டன. ஸ்ரீநிவாஸ் 1959-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கினார். அத்துறையைச் சேர்ந்த ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். 'ஸ்ரீபுரம்' என்று அவர் பெயரிட்ட அவ்வூரில், முன்பு ஒரே கையில் குவிந்திருந்த சாதி உயர்வும் நிலவுடைமையும் அதிகாரமும் பிரியத் தொடங்கியதை 1965-இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். ஊராட்சி அதிகாரம் அக்கிரகாரத்தை விட்டு நகர்ந்திருந்தது. எண்ணிக்கையும் கட்சித் தொடர்பும் புதிய வலிமையாகியிருந்தன.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அத்துறையினர் ஒரு புதுமுயற்சியில் இறங்கினர். தாம் ஏற்கெனவே பழகியிருந்த ஊர்களில் ஆய்வாளர்கள் தேர்தல் காலத்தில் தங்கி, எவர் எவரிடம் பேசினார், எது மக்களை அசைத்தது என்று உற்றுநோக்கினர். ஏ. எம். ஷா பதிப்பித்த அவ்வாய்வுகளின் தொகுப்பு, ஸ்ரீநிவாஸ் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 2007-இல்தான் நூலாயிற்று. தேர்தல் முடிவை முன்கூட்டிச் சொல்வது அவர்கள் நோக்கமன்று. வாக்காளரைப் புரிந்துகொள்வதே நோக்கம். அதே 1967-இல் தமிழகத்தில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். ஊர்ப் பெரியவர்களின் துணையை நெடுங்காலம் நம்பியிருந்த காங்கிரசு ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராசரே ஓர் இளைஞரிடம் தோற்றார். வைப்புத்தொகை எனக் கருதப்பட்டது தானே எழுந்து நடந்துவிட்டது.

அடுத்த தலைமுறை ஆய்வும் இதனையே உறுதிசெய்தது. ரஜினி கோத்தாரி 1963-இல் டெல்லியில் நிறுவிய வளர்ச்சிச் சமுதாய ஆய்வு மையத்தின் லோக்நீதி அமைப்பு, பல மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர்களையும் மாணவர்களையும் இணைத்துக்கொண்டு 1996 முதல் தேர்தல் காலங்களில் நாடு தழுவிய ஆய்வுகளை நடத்தி வந்துள்ளது. வாக்காளர் பட்டியலிலிருந்து முறைப்படி பெயர்களைத் தெரிந்தெடுத்து, வீடு தேடிச் சென்று கேட்கிறார்கள். எவருக்கு வாக்களித்தீர் என்னும் கேள்வி வரும்போது மட்டும் ஒரு மாதிரி வாக்குச்சீட்டையும் பெட்டியையும் நீட்டுகிறார்கள். பதில் சொல்பவர் தாமே குறியிட்டு மடித்துப் போடலாம், கேட்பவரும் பாரார். கேள்வி கேட்கும் உரிமைக்கு மேலாக மறைத்து வைக்கும் உரிமையை மதித்த முறை இது. இவ்வாறு கேட்டபோது, ஏழையரும் தலித் மக்களும் கிராமத்தாரும் வசதி படைத்தோருக்குச் சற்றும் குறையாமல், பல வேளைகளில் மிகுதியாகவே, வாக்குச்சாவடிக்குச் செல்கின்றனர் என்பது தெரிந்தது. ஆண்டு முழுவதும் அலுவலக வாசலில் காத்து நிற்கும் எளியவன், அந்த ஒரு நாளில்தான் பிறர் தனக்காகக் காத்திருப்பதைக் காண்கிறான். அவன் வரிசையில் நிற்பதற்கு அதைவிடக் காரணம் வேண்டுமோ?

இனி நம் இல்லத்தை நோக்குவோம். தேர்தல் நெருங்கினால் பங்குத்தந்தையின் வாசலில் வேட்பாளரின் வண்டி வந்து நிற்பதைக் காண்கிறோம். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், கோவிலுக்குச் செல்லும் பாதைக்குத் தார்ச்சாலை என்று வாக்குறுதிகள் பொழிகின்றன. வந்தவர் மேய்ப்பரைப் பார்க்க வரவில்லை. ராம்புராவின் புரவலரைத் தேடியே வந்திருக்கிறார். 'சாமியார் சொன்னால் போதும்' என்று நாம் கூறும்போது, 1952-இன் திண்ணையை நாமே மீண்டும் கட்டித் தருகிறோம். சாலையும் சுவரும் வரி செலுத்தும் குடிமக்கள் கேட்கத்தக்க உரிமை. கைம்மாறாக வாக்கை ஈடுவைத்துப் பெறும் கொடை அல்ல.

ஒன்றுபட்டு வாக்களிப்பதே குற்றம் என்பது இதன் பொருளன்று. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்கான உரிமையை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டபோதும் தலித் கிறித்தவர்க்குக் கிட்டவில்லை. இதற்கு உம் விடை என்னவென்று வேட்பாளர் ஒவ்வொருவரையும் கேட்டு, கலந்து பேசி, ஒரு மனத்தோராய் வாக்களிப்போர் வங்கியல்லர், விழித்தெழுந்த குடிமக்கள். எண்ணிக்கை ஒன்றாக இருக்கலாம். வேறுபாடு, முடிவெடுத்தது யார் என்பதில் இருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, பொதுநலனுக்காகத் தம் வாக்கைத் தன்னுரிமையோடு பயன்படுத்துவது குடிமக்களின் உரிமையும் கடமையும் என்று நினைவூட்டுகிறது. தன்னுரிமை என்னும் சொல் அங்கே வீணாக இடப்படவில்லை. மனச்சான்று ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே அருளப்பட்டது. அதனை எவரிடமும் வைப்பாக ஒப்படைக்க இயலாது. அடுத்த முறை ஒருவர் நம்மை 'வாக்கு வங்கி' என்று அழைத்தால் நாம் சினம் கொள்ள வேண்டியதில்லை. அந்த வங்கியின் உரிமையாளர் யாரென்று அமைதியாகக் கேட்டால் போதும். அதற்கு முன், அக்கேள்வியை நம் பங்குப் பேரவையில் நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று.