நினைவட்டையில் ஏறிய லினக்ஸ்

கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரையூராகிய ஆலங்குடாவிலே கணினி பயில விழையும் மாணவன் ஒருவன் உளனென்று கொள்க. அவனிடமுள்ள ஒரே கருவி பழுதாயின், திருத்துவாரைத் தேடி நெடுந்தூரம் செல்லல் வேண்டும். பிழைவிட்டுப் பயில அக்கருவி இடந்தருமா என்பதே அவனுக்கு முதல் வினா. சிறு கருவிகளுட் புகுந்த லினக்ஸின் வரலாற்றை இவ்வினா கொண்டு நோக்குதல் தகும்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இம்முறைமை மேசைக் கணினிக்கென எழுந்ததே. அது கையடக்கக் கருவியுட் புகுந்தமைக்கு இலங்கையின் அயலிலே நற்சான்றாவது பெங்களூரில் எழுந்த சிம்பியூட்டர். இந்திய அறிவியற் கழகப் பேராசிரியர் நால்வரும் என்கோர் நிறுவனத்தாரும் கூடி வகுத்த அக்கருவிக்கென 1999இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பெற்றது. ஊரார் பலர் ஒன்றையே பகிர்தற்பொருட்டு, அவரவர் தரவைத் தாங்கும் ஸ்மார்ட் அட்டையும் அதற்கு உண்டு. ஆயின் அட்டையில் ஏறியது பயனரின் தரவே. பணிசெயல் முறைமை கருவியின் உள்ளே நின்றது. அத்தகைய கருவிகளில் தொடக்க நிரலைப் பிழைபட எழுதியவன், அதனை மீட்கத் தனிக் கருவி தேடவேண்டியவனானான். சிம்பியூட்டரும் சில ஆயிரத்துக்குமேல் விலைபோகவில்லை.

அதே 1999இல் மட்சுஷிட்டா, தோஷிபா, சான்டிஸ்க் ஆகிய மூன்று நிறுவனங்கள் எஸ்.டி. நினைவட்டையை அறிவித்தன. அவ்வட்டையையே தன் சேமிப்பிடமாகக் கொண்டு 2012 பெப்ரவரி 29இல் ராஸ்பெரி பை வெளிவந்தது. மின்சாரம் பாய்ந்ததும், சில்லினுள் அழியாது பொறிக்கப்பட்ட சிறு நிரல் அட்டையின் முதற் பிரிவை நாடும். அங்குள்ள ஏற்றி நிரல் கருனியை நினைவகத்தில் ஏற்றும். கருனி இரண்டாம் பிரிவைத் தன் கோப்பு முறைமையின் வேராகக் கொண்டு முதற் செயன்முறையை எழுப்பும். இவையனைத்தையும் பெரிய கணினியொன்றிலே சிறு கருவியின் நுண்செயலிக்கெனத் தொகுத்து, ஒரே கோப்பாக்கி, அட்டையில் எழுதுவர். அக்கோப்பே படிமம் எனப்படும். பிழைத்தால் அட்டையைக் கழற்றி மீள எழுதலாம், கருவிக்கு ஊறில்லை. (அட்டைக்குப் பதிலாகத் தம் கணினியின் வன்தட்டையே இலக்காகக் குறித்து யாவும் இழந்தாரும் உளர்.) எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் தடைப்படின் கோப்பு முறைமை சிதையலாம், அதனால் வேர்ப்பிரிவை வாசிப்புக்கு மட்டும் திறப்பது அறிந்தோர் வழக்கு.

எனினும் ராஸ்பெரி பையின் தொடக்க நிரலை அதன் ஆக்கியோர் மூடியே வைத்துள்ளனர். கருனியைத் தன் விருப்பப்படி திருத்தவல்ல மாணவனும், அக்கருனியை ஏற்றுவதன் மூலத்தைப் படிக்கவியலான். இக்குறையை நோக்க, சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி நுண்செயலித் திட்டம் மதிக்கத்தக்கது. ரிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைத் தழுவிய அதன் சில்லு 2018இல் லினக்ஸை இயக்கிற்று. முதற்றொகுதி அமெரிக்காவின் ஓரிகனில் இன்டெல் ஆலையில் வார்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மற்றொன்று சண்டிகரை அடுத்த மொகாலியின் குறைகடத்தி ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. அந்நுண்செயலியின் வடிவமைப்பு மூலத்தை ஆலங்குடாவிலிருந்தும் எவரும் இறக்கிப் படிக்கலாம்.